வெறுங்காலில் வந்த கேடயம்

'தோற்காத அணிகள்' தொடர்

1911 ஜூலை 29, சனிக்கிழமை. கல்கத்தா மைதானத்தில் ஆட்டம் மாலை ஐந்தரைக்குத்தான். ஆனால் காலையிலிருந்தே ஜனம் வந்து குவிந்துகொண்டிருந்தது. பர்த்வானிலிருந்து ஆட்களை ஏற்றிவர ஈஸ்ட் இந்தியன் ரயில்வே தனி ரயிலே விட்டது. ஹூக்ளி ஆற்றில் கூடுதலாக நீராவிப் படகுகள் ஓடின. 2 ரூபாய் டிக்கெட் 15 ரூபாய்க்குக் கைமாறியது. டிக்கெட் கிடைக்காதவர்களுக்கு மரப்பெட்டிகளை வாடகைக்கு விட்டுக் காசு பார்த்தார்கள் சிலர். பெட்டிமேல் ஏறி நின்றால், முன்னால் நிற்பவர் தலைக்கு மேலாக ஏதோ கொஞ்சம் தெரியும்.

வந்தவர்கள் 60,000 பேர் என்று எழுதியவர்கள் உண்டு, ஒரு லட்சம் என்று எழுதியவர்களும் உண்டு. எந்தக் கணக்கை நம்பினாலும், அவர்களில் பெரும்பாலோர் பந்தைக் கண்ணால் பார்த்திருக்க வழியில்லை. அவர்களுக்காகப் பட்டம் விட்டார்கள். கோல் விழுந்ததும் எண்ணிக்கையைப் பட்டத்தில் எழுதி மேலே ஏற்றினால், கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்பவனுக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

களத்தில் ஒரு பக்கம் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்ட். பிரிட்டிஷ் ராணுவ வீரர்கள், காலில் கனத்த பூட்ஸ். மறுபக்கம் வடகல்கத்தாவின் ஒரு சந்திலிருந்து கிளம்பிவந்த மோகன் பகான் கிளப். அதன் பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்கால். பூட்ஸ் போட்டிருந்தவர் சுதிர் சாட்டர்ஜி ஒருவர்தான்.

அன்று இருட்டுவதற்குள் இந்திய கால்பந்து அசோசியேஷனின் கேடயம், அதாவது ஐ.எஃப்.ஏ. கேடயம், முதல் முறையாக இந்தியர் கைக்கு வந்தது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் 'அதிசயம்' என்று ஒரு வார்த்தையைப் போட்டு முடித்துக்கொள்வது வழக்கம். அப்படி முடித்தால், எப்படி ஜெயித்தார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இந்த வாரம் அந்தக் கேள்வியைத்தான் கையில் எடுக்கிறோம்.

அதே வருடம், நம் பக்கம்

அன்று நம் கள்ளக்குறிச்சி தென்னாற்காடு ஜில்லாவில் ஒரு தாலுகா. கலெக்டர் இருந்தது கடலூரில். தாலுகாவுக்கு மேற்கே எழும் கல்வராயன் மலை வரைபடத்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்குள் இருந்தாலும், அங்கே அன்றாட அதிகாரம் சர்க்காரிடம் இல்லை. சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், அரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார் வம்சங்களிடம் மலை பிரிந்து கிடந்தது. மலைமேல் வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்கள் ஜாகீர்தாரின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது. இந்த ஏற்பாடு ஒழிந்து மலை அரசாங்கத்தின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது 1976இல். வெள்ளைக்காரன் போய் 29 வருடம் கழித்து!

கிழக்கே புதுச்சேரியில் 1908 முதல் பாரதியார் தங்கியிருந்தார். வ.உ.சி. சிறையில் இருந்தார். கல்கத்தா ஆட்டத்துக்கு ஆறு வாரம் முன்பு, ஜூன் 17ஆம் தேதி, மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டார். அந்த ஜூலை மாதம் முழுக்கத் தென்ஜில்லாக்களில் கைதும் விசாரணையுமாகக் கிடந்தது. புதுச்சேரிக்குப் போகிற வருகிறவர்கள் மேலெல்லாம் போலீஸ் கண் இருந்தது.

வங்காளத்திலும் சூழ்நிலை இதற்குக் குறைந்ததல்ல. 1905இல் வைஸ்ராய் கர்சன் மாகாணத்தை இரண்டாக வெட்டியதிலிருந்து அந்நியத் துணி எரிப்பு, வெடிகுண்டு, தூக்குத் தண்டனை என்று ஆறு வருடம் ஓடியிருந்தது. ஓர் இந்தியன் ஒரு வெள்ளைக்காரனைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, வழக்கில் மாட்டாமல் வீடு திரும்பக்கூடிய இடம் நாட்டிலேயே ஒன்றுதான் மிச்சமிருந்தது. அது கால்பந்து மைதானம்.

சந்தில் பிறந்த கிளப்

வங்காளிகள் கால்பந்தைத் தொட்ட கதை 1877இல் தொடங்குகிறது. நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்ற சிறுவன், சோல்ஜர்கள் விளையாடிக்கொண்டிருந்த இடத்தில் வெளியே வந்து விழுந்த பந்தை எட்டி உதைத்தான் என்பார்கள். வளர்ந்த பிறகு அவரே பல கிளப்புகளைத் தொடங்கினார். அவற்றில் ஒன்றான சோவாபஜார், 1892இல் டிரேட்ஸ் கோப்பையில் ஈஸ்ட் சர்ரே ரெஜிமெண்டை 2-1 என்று தோற்கடித்தது. வெள்ளையர் அணி ஒன்றை இந்திய அணி ஒன்று வென்றது அதுவே முதல் தடவை. அடுத்த வருடம் ஐ.எஃப்.ஏ. கேடயப் போட்டி தொடங்கியபோது, அதில் சேர்த்துக்கொள்ளப்பட்ட ஒரே இந்திய அணியும் சோவாபஜார்தான்.

மோகன் பகான் பிறந்தது 1889 ஆகஸ்ட் 15. வடகல்கத்தாவில் 'மோகன் பகான் வில்லா' என்ற மாளிகையின் தோட்டத்தில் விளையாடிவந்த பையன்களை ஒன்றுசேர்த்து, அந்த வட்டாரப் பெரிய மனிதர்கள் சிலர் அமைத்த சங்கம் அது. முதல் தலைவர் பூபேந்திரநாத் போஸ் என்ற வழக்கறிஞர். கால்பந்துக்காரராக இல்லாவிட்டாலும் இவரைச் சென்னைக்குத் தெரியும்: 1914இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் இவர்தான்.

பெரியவர்கள் வகுத்த சட்டம் கறாரானது. உறுப்பினர் புகைபிடிக்கக் கூடாது, குடிக்கக் கூடாது, மாணவனாக இருந்தால் படிப்பைக் கோட்டை விடக் கூடாது. ஒழுக்கம் இருந்தது, வெற்றி இல்லை. முதல் பத்துப் பதினைந்து வருடம் கிளப்பின் அலமாரியில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு கோப்பை கிடையாது.

நிலைமையை மாற்றியவர் செயலாளராக வந்த சைலேன் போஸ். ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். சிப்பாய்களோடு மோத வேண்டுமென்றால் சிப்பாய்களின் உடம்பு வேண்டும் என்பது அவர் கட்சி. ஆட்டக்காரர்களை அதிகாலையில் ஓடவிட்டார், உடற்பயிற்சியைக் கட்டாயமாக்கினார். அதுவரை வங்காளி ஆட்டம் என்றால் தனி ஆள் வித்தை: பந்து கிடைத்தவன் நாலு பேரை ஏமாற்றிக் கைதட்டு வாங்குவான், ஐந்தாவது ஆள் பறித்துக்கொண்டு போவான். அதே ஆட்கள் தினமும் ஒன்றாக ஆடி, ஒருவன் ஓடுவதை இன்னொருவன் பார்க்காமலே தெரிந்துகொள்ளும் அளவுக்குப் பழக வேண்டும் என்று போஸ் பிடிவாதம் பிடித்தார்.

1904இல் கூச் பிகார் கோப்பை வந்தது. அடுத்த வருடமும் அதுவே வந்தது. 1905இல் சின்சுராவில் நடந்த கிளாட்ஸ்டன் கோப்பையில் இன்னும் பெரிய விஷயம் நடந்தது. அந்த வருடத்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றிருந்த டல்ஹவுசி என்ற வெள்ளையர் அணியை மோகன் பகான் 6-1 என்று நொறுக்கியது. பிறகு 1906, 1907, 1908 என மூன்று வருடமும் தொடர்ந்து டிரேட்ஸ் கோப்பை.

இத்தனைக்கும் பிறகுதான் கேடயப் போட்டிக்குள் நுழைந்தது கிளப். 1909இல் கார்டன் ஹைலேண்டர்ஸ் ரெஜிமெண்டிடம் அடிபட்டுத் திரும்பியது. மறுவருடமும் கேடயம் கிட்டவில்லை. ஆக, 1911 ஜூலையில் களமிறங்கியவர்கள் திடீரென்று முளைத்த அதிர்ஷ்டசாலிகள் அல்லர். ஏழு வருடமாக ஜெயித்தும், நடுவில் தோற்றும், எதிராளி எப்படி ஆடுவான் என்பதைப் பாடமாகப் படித்து வைத்திருந்தவர்கள்.

பதினொருவர்

அந்தக் காலத்து முறைப்படி அணியில் இரண்டு பேக், மூன்று ஹாஃப், ஐந்து ஃபார்வர்டு.

கோல் கம்பத்தில் ஹீராலால் முகர்ஜி. செங்கல் சூளையில் வேலை. பேக் இருவரில் ஒருவர் பூத்தி சுகுல்; அணியில் வங்காளி அல்லாத ஒருவர் இவர். இன்னொருவர் சுதிர் சாட்டர்ஜி. கிறிஸ்தவர், கல்லூரி ஆசிரியர், பின்னாளில் பாதிரியார் ஆனவர். நடுவில் மன்மோகன் முகர்ஜி, ராஜேன் சென்குப்தா, நீல்மாதவ் பட்டாச்சார்யா. முன்வரிசையில் கானு ராய், ஹாபுல் சர்க்கார், அபிலாஷ் கோஷ், பிஜய்தாஸ் பாதுரி, ஷிப்தாஸ் பாதுரி.

அபிலாஷும் ராஜேனும் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி மாணவர்கள். பாதுரிகள் இருவரும் அண்ணன் தம்பி. தம்பி ஷிப்தாஸ்தான் கேப்டன். கால்நடை மருத்துவம் படித்தவர், ஒல்லியான ஆள், இடது ஓரத்தில் ஆடுவார். பந்தோடு அவர் ஓட ஆரம்பித்தால் எந்தப் பக்கம் திரும்புவார் என்று எதிராளிக்குக் கடைசிவரை தெரியாது.

இவர்களில் பலருக்குப் பூர்வீகம் கிழக்கு வங்கம். சர்க்கார் கோடு கிழித்துப் பிரித்த இரண்டு மாகாணங்களின் பிள்ளைகளும் ஒரே மெரூன்-பச்சைச் சட்டையில் நின்றார்கள். கூட்டத்துக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

ஆறு ஆட்டம், ஒரு மாதத்துக்குள்

முதல் ஆட்டம் ஜூலை 10, செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியோடு. 3-0. யாரும் பெரிதாகப் பேசவில்லை. அடுத்து ரேஞ்சர்ஸ், 2-1. ஊர் லேசாகத் திரும்பிப் பார்த்தது. மூன்றாவது ரைஃபிள் பிரிகேட், ராணுவ அணி. 1-0. இப்போது டிராம் வண்டியிலும் ஆபீஸ் வராந்தாவிலும் பேச்சு இதுவாகவே இருந்தது.

அரையிறுதி மிடில்செக்ஸ் ரெஜிமெண்டோடு. அந்த அணியின் கோல்கீப்பர் பிகட் அன்றைய கல்கத்தாவில் பெயர் பெற்றவர். அவரைத் தாண்டிப் பந்து போவது அபூர்வம். முதல் நாள் ஆட்டம் 1-1 என்று முடிந்தது. மறு ஆட்டத்தில் அபிலாஷ் கோஷோடு மோதியதில் பிகட்டுக்குக் காயம். அன்று மோகன் பகான் 3-0. காயம் உதவியது என்று சொல்பவர்களை மறுக்க முடியாது. ஆனால் எதிர்ப்பக்கம் ஒரு கோல்கூடப் போடவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிகட் பொறுப்பல்ல.

இறுதி ஆட்டத்தின் முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் ஈஸ்ட் யார்க்ஷயரின் சார்ஜெண்ட் ஜாக்சன் அடித்த ஃப்ரீ கிக் உள்ளே போனது. வெள்ளையர் இருந்த பக்கம் தொப்பிகள் பறந்தன. பட்டம் ஏறியது. அதைப் படித்த கூட்டம் அப்படியே அடங்கிப்போனது.

அதற்கப்புறம் பாதுரி சகோதரர்கள் ஒரு வேலை செய்தார்கள் என்று சொல்லப்படுகிறது. இருவருக்கும் முகச்சாயல் ஒன்று. ஆட்டத்தின் நடுவே சத்தமில்லாமல் இடம் மாறிக்கொண்டார்கள். ஷிப்தாஸை ஒட்டியே நிற்க வேண்டும் என்ற உத்தரவோடு இருந்த யார்க்ஷயர்க்காரர்கள் கொஞ்ச நேரம் அண்ணனைத் தம்பி என்று நினைத்துக் காவல் காத்தார்கள்.

ஆட்டம் முடியச் சில நிமிடம் இருக்கையில் ஷிப்தாஸ் சமன் செய்தார். 1-1. கூட்டத்துக்கு மூச்சு வந்தது. மீண்டும் பந்து அவர் காலுக்கே வந்தது. இடது பக்கமாக எதிராளிகளை இழுத்துக்கொண்டே ஓடினார். எல்லோரும் அவரே அடிப்பார் என்று எதிர்பார்த்த இடத்தில் பந்தை உள்ளே அபிலாஷுக்குத் தள்ளினார். அபிலாஷ் உதைத்தார். 2-1. கொஞ்ச நேரத்தில் விசில்.

ஆறு ஆட்டம், ஐந்து வெற்றி, ஒரு டிரா, போட்ட கோல் 12, வாங்கியது 3. கடைசி கோலில் சைலேன் போஸின் ஏழு வருடப் பாடம் அப்படியே இருந்தது. பழைய வங்காளி ஆட்டமாக இருந்திருந்தால் அந்தப் பந்தை ஷிப்தாஸ் தானேதான் அடித்திருப்பார்.

மலைமேல் ஒரு கல்லூரி

சின்ன இடத்திலிருந்து வந்து பெரியவர்களையெல்லாம் வரிசையாக வீழ்த்திய கதைகள் உலகில் இன்னும் உண்டு. அவற்றில் மோகன் பகானுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தகுந்தது, அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பு அமெரிக்காவில் நடந்தது.

டென்னசி மாநிலத்தில் கம்பர்லாந்து பீடபூமிமேல் செவானி என்ற ஊர். நம் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையைப் போலவே, ஏறி முடித்ததும் உச்சியில் விரிகிற சமதளம். எபிஸ்கோபல் சபையின் பிஷப்புகள் தொடங்கிய 'யூனிவர்சிட்டி ஆஃப் தி சவுத்' அங்கே இருக்கிறது. பெயர்தான் பெரிது, அன்று மாணவர்கள் சில நூறு பேர். அவர்கள் ஆடியது அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, எதிரே நிற்கும் மனிதச் சுவரைப் பிளந்து முன்னேற வேண்டும். பந்தை முன்னோக்கி எறிய அன்று அனுமதி கிடையாது. தலைக்கவசம் போடுகிற வழக்கமும் பெரும்பாலும் இல்லை. வெளியே போனவன் திரும்ப உள்ளே வர முடியாது என்பதால், ரத்தம் வழிய வழிய ஆடினார்கள்.

அணியின் மேலாளர் லூக் லீ என்ற மாணவர். பக்கத்து வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தோடு டிக்கெட் வசூலைப் பங்கிடுவதில் தகராறு வந்து அந்த ஆட்டம் நின்றுபோனது. பணம் வேண்டும். லீ ஒரு திட்டம் போட்டார்: ஒரே பயணத்தில் ஐந்து ஆட்டம், ரயிலில் சுமார் 4,000 கிலோமீட்டர். 1899 நவம்பர் 9ஆம் தேதி டெக்சாஸ், 12-0. 10ஆம் தேதி டெக்சாஸ் ஏ அண்ட் எம், 10-0. 11ஆம் தேதி டுலேன், 23-0. 12ஆம் தேதி ஞாயிறு, ஓய்வு. 13ஆம் தேதி லூசியானா ஸ்டேட், 34-0. 14ஆம் தேதி மிசிசிப்பி, 12-0. ஆறு நாளில் ஐந்து பெரிய பல்கலைக்கழகங்கள். ஒருவராலும் ஒரு புள்ளி எடுக்க முடியவில்லை.

லீயின் தயாரிப்பில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. போகிற ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுக்கு வந்துவிடும் என்று, மலை ஊற்றுத் தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பி ரயிலில் ஏற்றினார். அதே லீ, ஆட்டக்காரர்களின் ஷூக்கள் மலையிலேயே தங்கிவிட்டதை ரயில் கிளம்பிய பிறகுதான் கண்டுபிடித்தார் என்றும், தந்தி அடித்துப் பின்னால் வந்த வண்டியில் வரவழைத்தார் என்றும் சொல்வார்கள். மோகன் பகான்காரர்களுக்கு அந்தக் கவலை இருந்திருக்காது!

அந்தப் பருவம் முழுக்க 12 ஆட்டம், 12 வெற்றி. எடுத்த புள்ளி 322, கொடுத்தது 10. அந்தப் பத்தையும் எடுத்தது ஒரே அணி, ஆபர்ன். அதன் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன். இன்று அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்களுக்குத் தரப்படும் மிகப் பெரிய விருது அவர் பெயரில் இருக்கிறது. 11-10 என்று தோற்றவர், நடுவர்கள்மேல் குற்றம் சொல்லிப் பத்திரிகைக்கு எழுதினார். லூக் லீ பின்னர் அமெரிக்க செனட்டர் ஆனார்; முதல் உலகப் போர் முடிந்த கையோடு, ஹாலந்தில் அடைக்கலம் புகுந்திருந்த ஜெர்மன் கெய்சரையே பிடித்துக்கொண்டு வந்துவிடலாம் என்று 1919 ஜனவரியில் சில நண்பர்களோடு கிளம்பிப்போய்த் திரும்பியவரும் அவர்தான்.

பூமியின் இரு பக்கத்திலும் ஆட்டம் வேறு, சட்டம் வேறு. ஜெயித்த விதத்தில் மட்டும் ஒற்றுமை தெரிகிறது. இரண்டு இடத்திலும் ஆள் பலம் குறைவு. மாற்று ஆட்டக்காரர்களுக்கு வழி குறைவு. அதனால் இருக்கிற ஆட்களின் உடம்பையும் பழக்கத்தையும் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய ஒருவர் இரண்டு இடத்திலும் தேவைப்பட்டார். சைலேன் போஸின் அதிகாலை ஓட்டமும் லூக் லீயின் தண்ணீர்ப் பீப்பாயும் ஒரே வகைக் கவலையிலிருந்து வந்தவை.

வென்ற பிறகு

ஜூலை 29 இரவு கல்கத்தா தூங்கவில்லை. ஊர்வலம் போனது. இந்துக்களோடு முஸ்லிம்களும் சேர்ந்து கொண்டாடினார்கள் என்று முஸ்லிம் பத்திரிகைகளே மகிழ்ந்து எழுதின. ராய்ட்டர் செய்தி லண்டன் வரை போனது. கூட்டத்தில் ஒரு பெரியவர் வில்லியம் கோட்டைமேல் பறந்த பிரிட்டிஷ் கொடியைக் காட்டி, 'அது எப்போது இறங்கும்?' என்று கேட்டதாகவும், மறுபடி இந்தக் கேடயத்தை நாம் ஜெயிக்கும்போது என்று பதில் வந்ததாகவும் ஒரு கதை உண்டு. மோகன் பகான் அடுத்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது 1947இல், ஈஸ்ட் பெங்காலை 1-0 என்று வீழ்த்தி. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் கதை, பொருந்திய பிறகு பிறந்ததாகவே இருக்க வேண்டும்.

இன்னொரு முடிச்சும் போடுவார்கள். அதே வருடம் டிசம்பர் 12ஆம் தேதி டெல்லி தர்பாரில், வங்கப் பிரிவினை ரத்து, தலைநகர் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றம் என்று ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தார். கேடயம் கொடுத்த அடிதான் காரணம் என்பவர்கள் உண்டு. இரண்டும் ஒரே வருடத்தில் நடந்தன என்பதைத் தவிர அதற்குப் பிடிமானம் எதுவும் இல்லை. ரெஜிமெண்டுகளைத் தோற்கடித்த கிளப்பைக் கல்கத்தா லீக்கில் சேர்க்கவே மூன்று வருடம் ஆனது என்பதுதான் ஆதாரத்தோடு சொல்லக்கூடிய விளைவு. 1914இல் இரண்டாம் பிரிவில் இடம் கிடைத்தது. 1915இல் முதல் பிரிவு. அங்கேயும் இந்திய அணிகள் இரண்டுக்குமேல் கூடாது என்ற கட்டுப்பாடு பல வருடம் நீடித்தது. மைதானத்தில் தோற்றவர்கள் ஆபீஸ் மேஜையில் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள்.

வெறுங்கால் கதைக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. காய்ந்த தரையில் வெறுங்கால்காரனுக்கு வேகமும் பந்தின்மேல் பிடியும் அதிகம். மழை பெய்து சேறானால் கதை மாறும்; பூட்ஸ் போட்டவன் நிற்பான், இவன் வழுக்குவான். அன்று கேடயப் போட்டி நடந்ததோ மழைக்காலத்தில். 1923இல் மோகன் பகான் மறுபடி இறுதிக்குப் போனது. ஈரமான மைதானத்தில் கல்கத்தா எஃப்.சி.யிடம் 0-3 என்று தோற்றது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு பிரான்ஸை எதிர்த்து ஆடி, இரண்டு பெனால்டியைக் கோட்டைவிட்டு 1-2 என்று தோற்றார்கள். 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா 10-1 என்று அடித்த பிறகுதான் நம் கால்பந்து அதிகாரிகள் பூட்ஸைக் கட்டாயமாக்கினார்கள்.

கல்வராயன் மலைக் கிராமங்களில் வெறுங்காலோடு பந்து உதைக்கும் பிள்ளைகளைப் பார்த்து '1911 வீரர்கள் மாதிரி' என்று சொல்ல யாருக்கும் வாய் வரும். சொல்லாமல் இருப்பது நல்லது. அந்தப் பத்துப் பேரும் வெறுங்காலால் ஜெயிக்கவில்லை. தினமும் ஒரே மைதானம், ஒரே பதினொருவர், வருடா வருடம் ஆடக் கிடைத்த நாலைந்து கோப்பைப் போட்டிகள், கூடவே நின்று திட்டித் திருத்த ஒரு சுபேதார், இவையெல்லாம் இருந்ததால் ஜெயித்தார்கள். வெள்ளிமலைப் பையனுக்கு இதில் எத்தனை கிடைக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், அதிசயம் எங்கே குறைகிறது என்று விளங்கிவிடும்.

செவானியின் பிற்கதையும் இதையே சொல்கிறது. 1932இல் பெரிய பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸைத் தொடங்கிய கல்லூரிகளில் அதுவும் ஒன்று. 1940இல் வெளியேறும்வரை அந்த வளையத்துக்குள் ஆடிய ஓர் ஆட்டத்தில்கூட ஜெயிக்கவில்லை. மற்றவர்கள் பணத்தையும் ஸ்காலர்ஷிப்பையும் கொட்டி ஆள் சேர்த்துக்கொண்டிருந்த காலம். இன்று அது அமெரிக்காவின் மூன்றாம் பிரிவில், விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் எதுவும் தராமல், அமைதியாக ஆடிக்கொண்டிருக்கிறது.

மோகன் பகானுக்கு வரலாறு வேறு மாதிரி அமைந்தது. நூற்றாண்டையொட்டி 1989இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. ஜூலை 29ஐ இன்றும் 'மோகன் பகான் தினம்' என்று கொண்டாடுகிறார்கள். ஆனால் 1911க்குப் பின் கால் நூற்றாண்டு வரை ஐ.எஃப்.ஏ. கேடயத்தை இன்னொரு இந்திய அணி தொடவில்லை. 1936இல் தொட்டபோது அது மோகன் பகான் அல்ல. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து வருடம் கல்கத்தா லீக்கை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஓர் அணி. மழை பெய்தால் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஆடியவர்கள் அவர்கள். ஊர் ஊராகத் தேடி ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியவர்கள். மோகன் பகானை எல்லோரும் கொண்டாடியதைப் போல அவர்களை எல்லோரும் கொண்டாடவில்லை.

(அடுத்த வாரம்: முகமதன் ஸ்போர்ட்டிங்கின் ஐந்து வருடம்)